வீட்டு வழங்கியும் அதன் மறதியும்

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி நெடுஞ்சாலை வழியே வருபவர்கள், பாண்டிருப்பைக் கடந்ததும் மருதமுனையை அடைவர். கிழக்கே கடலும் மேற்கே வயல் வெளியும் சூழ்ந்த ஊர். கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் பெயர் பெற்ற ஊர். முன்பு தெருத் தெருவாகக் கேட்ட தறியோசை இன்று குறைந்திருக்கிறது. ஆயினும் முற்றாக நின்றுவிடவில்லை. எங்கள் ராத்தாவின் வீட்டு முற்றத்துக் கொட்டிலில் இன்றும் தறி ஓடுகிறது. அந்தத் தறிக்கும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

என் பொருள் இதுதான்: வீட்டிலே நாமே வைத்துப் பேணும் ஒரு கணினி, ‘இத்தனை மணித்தியாலம் எங்களை நினைவில் வைத்திரு’ என்று நாம் இட்ட கட்டளையை ஏற்றுக்கொண்டது போலக் காட்டிவிட்டு, அரை மணித்தியாலத்தில் நம்மை மறந்துவிடுவது ஏன்? அந்த மறதியைக் கண்டுபிடித்துத் திருத்துவது எப்படி?

பிற கணினிகளும் கைத்தொலைபேசிகளும் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கணினிக்கு வழங்கி என்று பெயர். பலரும் சேர்வர் என்பர். பெரிய நிறுவனங்களில் மட்டுமே இருந்த இது, இன்று கைக்கு அடக்கமான ஒரு சிறு பெட்டியாக வீட்டு அலுமாரியின் மேலே அமர்ந்துவிட்டது. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியும் அதன் பின் வந்தவையும் இதற்கு வழி திறந்தன. ராத்தாவின் வீட்டில் இருப்பதும் அத்தகைய பெட்டியே. அதிலே டெபியன் வகை இயங்குதளம் ஒன்றும், பி.எச்.பி. மொழியில் எழுதிய ஓடர்க் கொப்பி ஒன்றும் உள்ளன. அதை எழுதியவன் ராத்தாவின் மகன், என் மருமகன். எழுதி முடித்த கையோடு அவன் கட்டாருக்குத் தொழிலுக்குப் போய்விட்டான். ஆகவே பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற என் தலையில் விழுந்தது.

காகிதக் கொப்பியை விட்டு இதற்கு வந்தமைக்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் கரையைத் தாக்கியபோது உயிர்கள் பல போயின. உயிரின் முன்னே கொப்பி பெரிதன்று. ஆயினும் வாப்பாவின் காலத்திலிருந்து எழுதி வைத்த கணக்குகளும், எந்தச் சாரத்துக்கு எந்த நூல், எத்தனை இழை, எந்தக் கரை என்ற குறிப்புகளும் அன்று கடலோடு போயின. ஓரிடத்தில் எழுதியதை வேறோர் இடத்திலும் பிரதி செய்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னரே எங்கள் வீட்டில் வலுப்பெற்றது.

இனி நடந்ததைக் கூறுகிறேன். ஒரு நாள் முற்பகல், வெளியூர் வியாபாரி ஒருவர் 60 சாரங்களுக்கு ஓடர் சொன்னார். ஐந்து வகை, வகைக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு வகைக்கும் உடல் நிறம் ஒன்று, கரை நிறம் ஒன்று. ராத்தா கணினியின் முன் அமர்ந்து பதியத் தொடங்கினார். இடையிலே நூல் சாயம் பார்க்க எழுந்தார், அடுப்பையும் பார்த்தார், மீண்டும் வந்து பதிந்தார். முக்கால் மணித்தியாலம் கழித்துச் ‘சேமி’ என்ற பொத்தானை அழுத்தியதும், பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் முதற் பக்கம் வந்து நின்றது. எழுதியவை யாவும் மறைந்தன.

நினைவிலிருந்து மீண்டும் பதிந்தார். ஒரு வகையில் கரை நிறம் மாறிவிட்டது. பன்னிரண்டு சாரங்கள் நெய்து முடிந்த பின்னரே தவறு தெரிந்தது. வியாபாரி அவற்றை ஏற்கவில்லை, அவர்மீது குற்றமில்லை. நெய்தவர்களுக்குக் கூலி கொடுத்தாயிற்று, நூலும் செலவாயிற்று. நட்டத்திலும் பெரிய நட்டம் ஒன்று உண்டு. ராத்தா காகிதக் கொப்பியை மறுபடியும் கையில் எடுத்தார்.

“தம்பி, பன்னிரண்டு மணித்தியாலம் நம்மை ஞாபகம் வைத்திருக்கும் என்று நீ சொன்னாய். இந்தப் பெட்டிக்கு அரை மணித்தியாலம்கூட ஞாபகம் இல்லையே. இதை நம்பி எப்படிக் கூலி கொடுக்கிறது?” என்றார்.

அவர் கேட்டது நியாயமே. பன்னிரண்டு மணித்தியாலம் என்று நான் எழுதி வைத்திருந்தேன். எழுதியது அங்கேயே இருந்தது. ஆயினும் பலன் இல்லை.

இதனை விளங்கிக்கொள்வதற்கு, இணையப் பக்கம் ஒன்று நம்மை எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். உண்மையில் அது நம்மை நினைவில் வைத்துக்கொள்வதே இல்லை. டிம் பேர்னர்ஸ்-லீ வகுத்த இணைய நெறிமுறையின்படி, ஒவ்வொரு கேள்வியும் புதிய கேள்வி. ஒவ்வொரு வருகையும் முதல் வருகை. பக்கத்தைக் கொடுத்ததும் வழங்கி நம்மை மறந்துவிடும். இந்த மறதிக்கு மாற்றாக, 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுலி என்பவர் ஒரு வழியைக் கொணர்ந்தார். அதற்குக் குக்கி என்று பெயர்.

ஆசுப்பத்திரியில் வெளிநோயாளர் பிரிவை எண்ணிப் பாருங்கள். வாசலில் நமக்கு ஓர் இலக்கத் துண்டு தருகிறார்கள். உள்ளே ஒரு பதிவேட்டில் அந்த இலக்கத்துக்கு நேரே நம் விவரம் எழுதப்படுகிறது. துண்டைக் காட்டினால் பதிவேட்டைப் பார்த்து நம்மை அறிந்துகொள்வார்கள். குக்கி என்பது நம் உலாவியின் கையில் இருக்கும் இலக்கத் துண்டு. வழங்கியின் உள்ளே அந்த இலக்கத்துக்கு உரிய சிறு கோப்பு ஒன்று உண்டு, அதுவே பதிவேடு. துண்டும் பதிவேடும் பொருந்தியிருக்கும் காலத்தை அமர்வு என்கிறோம். அங்கே மூன்றாவதாக ஒருவரும் உண்டு: பழைய பதிவுகளைக் கழித்துப் பெருக்கித் துப்புரவு செய்பவர். அவரை யாரும் நினைப்பதில்லை. எங்கள் கதையில் அவரே முக்கியமானவர்.

இங்கே ஓர் அச்சத்தை நீக்கிவிடுகிறேன். அமர்வு போவதால் முன்னர்ச் சேமித்த ஓடர்கள் போகா. அவை தரவுத்தளத்தில் வேறாக உள்ளன. போவது, இன்னும் சேமிக்கப்படாமல் திரையில் மட்டும் இருந்த எழுத்து. நாம் விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருப்பது வழங்கிக்குக் கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள். பொத்தானை அழுத்தும் வரையில் அதன் கணக்கில் நாம் சும்மா இருக்கிறோம். முக்கால் மணித்தியாலம் வியர்க்க வியர்க்கப் பதிந்த ராத்தாவை, முக்கால் மணித்தியாலம் வராதவர் என்றே அது எண்ணியது.

பி.எச்.பி. மொழியில் அமர்வின் ஆயுளைக் குறிக்கும் அமைப்புக்கு ‘ஜி.சி. மாக்ஸ் லைஃப்டைம்’ என்று பெயர். அதன் இயல்பான அளவு 1440 விநாடி. அதாவது 24 நிமிடம். நான் அதனை 43,200 விநாடி, அதாவது 12 மணித்தியாலம் ஆக்கியிருந்தேன். பி.எச்.பி. டொட் ஐனி என்னும் அமைப்புக் கோப்பில் எழுதினேன், சேமித்தேன், பெட்டியை நிறுத்தி மீண்டும் இயக்கினேன். ஆயினும் பழைய கதையே.

முதற் பிழை என்னுடையது. டெபியன் வகை இயங்குதளத்தில் பி.எச்.பி.யின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித் தனிக் கோப்புறை உண்டு. எங்கள் பெட்டி முன்பு டெபியன் 11இல் இருந்தது, அதில் பி.எச்.பி. 7.4. பின்னர் டெபியன் 12க்கு உயர்த்தினோம், அதில் பி.எச்.பி. 8.2. உயர்த்திய பின்னும் 7.4இன் அமைப்புக் கோப்புறை அழியாமல் கிடந்தது. நான் பழக்கம் காரணமாக அதனையே திறந்து திருத்தியிருக்கிறேன். ஆள் குடிபெயர்ந்த வீட்டுக்குக் கடிதம் போட்டுவிட்டுப் பதில் வரவில்லையே என்று காத்திருந்த கதை அது.

இதனை எப்படி அறிந்தேன்? ‘பி.எச்.பி. இன்ஃபோ’ என்று ஒரு கட்டளை உண்டு. அந்த ஒரே கட்டளையை எழுதிய ஒரு பக்கத்தை வழங்கியில் வைத்து உலாவியில் திறந்தால், எந்தக் கோப்பைத் தான் வாசித்தது என்பதை அதுவே சொல்லும். இந்தக் கட்டளையை உலாவி வழியாகவே பார்த்தல் வேண்டும். கறுப்புத் திரையில் கட்டளை வரியிலே கேட்டால், கட்டளை வரிக்கு உரிய வேறோர் அமைப்புக் கோப்பின் பெயரைச் சொல்லி நம்மை வழிதவறச் செய்யும். பார்த்து முடிந்ததும் அப்பக்கத்தை அழித்துவிடுங்கள். வீட்டின் சாவி எங்கே தொங்குகிறது என்று வாசலில் எழுதி வைப்பது நன்றன்று.

மருமகனோடு வாட்ஸ்அப்பில் பேசினேன். “மாமா, பெரிய கோப்பைத் தொடவேண்டாம். ஓடர்க் கொப்பி இருக்கும் கோப்புறையிலேயே டொட் யூசர் ஐனி என்று ஒரு சிறு கோப்பு வையுங்கள், அதில் எழுதுங்கள்” என்றான். அவ்வாறே செய்தேன். உடனே பலன் தெரியவில்லை. அத்தகைய கோப்பைப் பி.எச்.பி. 300 விநாடிக்கு, அதாவது 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் மீண்டும் வாசிக்கும் என்பதைப் பின்னர் அறிந்தேன். 5 நிமிடம் கழித்துப் பார்த்தபோது, இன்ஃபோ பக்கத்தில் 43,200 என்று தெளிவாக நின்றது. மகிழ்ந்தேன். ராத்தாவிடம் சென்று, “இனி அஞ்சவேண்டாம்” என்றேன்.

மறுநாள் மீண்டும் வெளியே தள்ளியது.

இங்கேதான் ராத்தாவின் நெசவுக் கை உதவியது. பாவிலே ஓர் இழை அறுந்தால் நெசவாளர் துணியைக் கிழிப்பதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த முனையிலிருந்து இழையைத் தொட்டுக்கொண்டே பின்னோக்கிச் சென்று, எங்கே அறுந்தது என்று காண்பார். ராத்தா என்னைப் போலக் கோபங் கொள்ளவில்லை. காகிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், எத்தனை மணிக்குப் பொத்தானை அழுத்தினார், எத்தனை மணிக்குப் பெட்டி தம்மை மறந்திருந்தது என்று நாலு நாள் எழுதினார். சிலபோது 26 நிமிடத்தில் மறந்தது. சிலபோது 45 நிமிடம் வரை நினைவில் வைத்திருந்தது. ஒழுங்கற்றது போலத் தோன்றிய அந்தக் குறிப்பைச் சில நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “தம்பி, எத்தனை நிமிடம் என்று பார்க்காதே. கடிகாரத்தைப் பார். ஒன்பது நிமிடம் கழிந்தபின் மறக்கிறது. இல்லாவிட்டால் முப்பத்தொன்பது கழிந்தபின் மறக்கிறது. அதற்கு முந்தி ஒரு நாளும் மறக்கவில்லை” என்றார்.

அந்தச் சொல் விளக்கேற்றியது போலிருந்தது. டெபியனில் பி.எச்.பி. தன் பழைய அமர்வுகளைத் தானே பெருக்குவதில்லை. அந்த வேலைக்குத் தனியே ஒரு துப்புரவாளர் நியமிக்கப்பட்டிருக்கிறார். அவர் மணிக்கு இரு முறை, சரியாக 9ஆம் நிமிடத்திலும் 39ஆம் நிமிடத்திலும் வருவார். வந்து, ஆயுள் கடந்த அமர்வுக் கோப்புகளை அழித்துச் செல்வார். ஆயுள் எத்தனை என்பதை அவர் எங்கே பார்க்கிறார்? பி.எச்.பி.யின் பெரிய அமைப்புக் கோப்பிலே பார்க்கிறார். நாங்கள் ஓடர்க் கொப்பியின் கோப்புறையில் வைத்த சிறு கோப்பு அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் கண்ட ஆயுள் அந்தப் பழைய 24 நிமிடமே.

இன்ஃபோ பக்கத்தை மீண்டும் திறந்து பார்த்தேன். ஒவ்வோர் அமைப்புக்கும் நேரே இரண்டு நிரல்கள் இருந்தன. முதல் நிரல், இந்தக் கோப்புறைக்கு மட்டும் உரிய அளவு. இரண்டாவது, முழுப் பெட்டிக்கும் உரிய தலைமை அளவு. முதல் நிரலில் 43,200. இரண்டாவது நிரலில் 1440. முதல் நாளே அது அங்கு இருந்தது. நான் விரும்பிய இலக்கத்தைக் கண்டதும் கண்ணை எடுத்துவிட்டேன். கணிதம் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளை எத்தனை முறை கண்டித்த பிழை இது!

மருந்து எளிது. பி.எச்.பி. 8.2இன் எஃப்.பி.எம். கோப்புறையில் உள்ள பெரிய அமைப்புக் கோப்பில் 43,200 என எழுதினேன். அச்சேவையை மீண்டும் தொடக்கினேன். இரண்டு நிரலும் ஒன்றுபட்டன. ராத்தா காலையில் உள்ளே சென்றவர், பகலுணவுக்குப் பின்னும், அஸர் தொழுகைக்குப் பின்னும் உள்ளேயே இருந்தார். பெரிய கோப்பைத் தொட விரும்பாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு: தம் செயலியின் அமர்வுகளுக்குத் தனியே ஒரு கோப்புறை அமைத்தல். அப்படிச் செய்தால் பொதுத் துப்புரவாளர் அங்கே வரமாட்டார். ஆகவே துப்புரவை அந்தச் செயலியே செய்யும்படி அமைத்துக்கொள்ளுதலும் கடமை. இன்றேல் குப்பை நாள்தோறும் சேரும்.

நேயர்களே, உங்கள் பெட்டியின் நோய் வேறாக இருக்கலாம். ஆகவே நோயைப் பிரித்தறியும் முறையைக் கூறுகிறேன். வழங்கி உங்களை மறந்ததும், கடவுச்சொல்லை மீண்டும் கொடுப்பதற்கு முன்னர், உலாவியில் குக்கிகளைத் திறந்து பாருங்கள். துண்டு கையில் இருக்கிறதா, இல்லையா என்பதே முதற் கேள்வி. துண்டு இருந்து, அதே இலக்கமும் இருந்தால், பிழை பதிவேட்டின் பக்கம், துப்புரவாளரைத் தேடுங்கள். துண்டே இல்லையென்றால் பிழை கையின் பக்கம். வழங்கியின் ஆயுளை எத்தனை முறை கூட்டினாலும் பயன் இராது.

துண்டு தொலைவதற்குப் பொதுவான காரணங்கள் மூன்று. குக்கிக்கும் தனியே ஓர் ஆயுள் உண்டு, பி.எச்.பி.யில் அதன் இயல்பான அளவு பூச்சியம். பூச்சியம் என்றால் உலாவியை மூடும்வரை என்பது பொருள். மூடியதும் துண்டைக் கிழித்தெறிந்துவிடும். விட்ட இடத்திலிருந்து தொடங்கும்படி அமைத்த உலாவிகள் சில, அதனையும் எடுத்து வைத்துக்கொள்ளும். ஒருவர் கணினியில் நிற்பது இன்னொருவர் கணினியில் நில்லாததன் காரணம் பெரும்பாலும் இதுவே. இரண்டாவது காரணம் முகவரி. காலையில் பெட்டியை இலக்க முகவரியால் அழைத்து, மாலையில் பெயரால் அழைத்தால், உலாவிக்கு அவை இரு வேறு வீடுகள். ஒன்றின் துண்டை மற்றதன் வாசலில் காட்டாது. மூன்றாவது காரணம் பாதுகாப்புக் குறி. பூட்டுக் குறியுள்ள பாதையில் மட்டுமே செல்க என்று குறித்த குக்கியை, பூட்டில்லாத சாதாரணப் பாதையில் உலாவி ஏற்றுக்கொள்ளாது. வீட்டுக்குள்தானே என்று பலர் பூட்டில்லாமல் வைத்திருப்பர். துண்டு கொடுத்த கணத்திலேயே காணாமற்போகும்.

எங்கள் நாட்டிற்குச் சிறப்பாக உரிய காரணம் ஒன்றும் உண்டு, அது மின்வெட்டு. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ராஸ்பெரி பை 4 வரையான பெட்டிகளில், மின்சாரம் இல்லாதபோதும் நேரம் காட்டும் கடிகாரம் இல்லை. 2023இல் வந்த ஐந்தாவதில் கடிகாரம் உண்டு. அதற்குரிய மின்கலத்தை நாமே வாங்கிப் பொருத்த வேண்டும். மின்சாரம் வந்ததும் பெட்டி கடைசியாகத் தான் குறித்து வைத்த நேரத்திலிருந்து நாளைத் தொடங்கும். பின்னர் இணையம் கிடைத்ததும் சரியான நேரத்துக்குப் பாயும். இடையிலே நீங்கள் உள்ளே சென்றிருந்தால், உங்கள் அமர்வுக் கோப்பின் மேல் பழைய நேரம் எழுதப்பட்டிருக்கும். கடிகாரம் 13 மணித்தியாலம் முன்னே பாய்ந்ததும், சற்று முன் எழுதிய கோப்பு 13 மணித்தியாலப் பழையதாகத் தோன்றும். துப்புரவாளர் தம் கடமையைச் செய்வார். அவர்மீது என்ன குற்றம்? ஆகவே மின்சாரம் வந்ததும் இணையம் நிலைபெற்று நேரம் சரியாகும்வரை சில நிமிடம் பொறுத்து, அதன் பின் உள்ளே செல்லுங்கள்.

அமர்வுக் கோப்புகளைத் தற்காலிகக் கோப்புறையில் வைத்திருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. அந்தக் கோப்புறை, பெட்டி நின்று எழும்போது துடைக்கப்படும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 முதல் அது இயல்பாகவே நினைவகத்தில் இருக்கிறது, வட்டில் இல்லை. டொக்கர் போன்ற கொள்கலன்களில் செயலியை வைத்திருப்பவர்கள், கொள்கலத்தின் உள்ளே சென்று அமைப்பைத் திருத்தினால், அடுத்த முறை கொள்கலம் புதிதாக ஆக்கப்படும்போது திருத்தம் மறைந்துவிடும். அமைப்புக் கோப்பை வெளியே வைத்து உள்ளே இணைத்தலே நிலைக்கும் வழி. டெபியன் 13க்கு உயர்த்துவோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அதில் பி.எச்.பி.யின் பதிப்பு 8.4. கோப்புறையும் புதியது, அளவும் மீண்டும் 24 நிமிடம். நான் இதனை ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியின் மேலே நூலால் கட்டியிருக்கிறேன்: எந்தக் கோப்பு, எந்த அளவு, எந்தத் திகதி. அடுத்த முறை திருத்துபவர் நானாக இராமற் போகலாம் அன்றோ?

இனி ஒரு கேள்வி எழக்கூடும். 12 மணித்தியாலம் நன்று என்றால் 12 மாதம் இன்னும் நன்றன்றோ? அன்று. இலக்கத் துண்டைக் கையில் வைத்திருப்பவர் யாராயினும், வழங்கிக்கு அவர் ராத்தாவே. பிள்ளைகளும் விருந்தினரும் கைவைக்கும் கணினியில் நீண்ட ஆயுள் என்பது திறந்த கதவு. ஒரு வேலை நாள் போதும். வேலை முடிந்ததும் வெளியேறும் பொத்தானை அழுத்தும் வழக்கமும் வேண்டும்.

மேலும், ஆயுளைக் கூட்டியது பாதி மருந்தே. முழு மருந்து, எழுதிக்கொண்டிருப்பது மறையாதிருத்தல். மருமகனிடம் இதனைச் சொன்னேன். இப்போது ஓடர்க் கொப்பி, ஒவ்வொரு வகையையும் பதிந்தவுடனே வரைவாக வழங்கியில் சேமித்து வைக்கிறது. ஐந்தாவது வகையைப் பதியும்போது வெளியே தள்ளினாலும், முதல் நான்கும் நிற்கும். அமர்வு மறக்கலாம், ஓடர் மறைதல் ஆகாது.

நான் இதிலிருந்து கற்றது கணினியைப் பற்றியது மட்டும் அன்று. சொன்னது நிலைக்கவில்லை என்றால், பெட்டி கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். யாரிடம் சொன்னோம், அவர்தாம் அதனைச் செய்பவரா, செய்பவர் எந்தக் கோப்பை வாசிக்கிறார் என்று கேட்பதில்லை. எங்கள் பெட்டி ஒரு நாளும் கட்டளையை மீறவில்லை. வாசிப்பவர் இருவர் இருந்தனர். நான் ஒருவருக்கு மட்டும் எழுதினேன். திருத்த விரும்புபவர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியதை எழுதி வைக்க. பலன் இல்லையேல் பழைய நிலைக்குக் கொணர்ந்த பின்னரே அடுத்ததைத் தொடுக. பத்தை ஒருங்கே மாற்றி வென்றவருக்கும், எது வென்றது என்று தெரியாது.

கரை மாறிய அந்தப் பன்னிரண்டு சாரங்களும் வீண்போகவில்லை. ராத்தா பெருநாளைக்குக் குடும்பத்து ஆண்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. காகிதக் கொப்பியை அவர் இன்னும் விடவில்லை. கணினிக்கு அருகிலேயே வைத்திருக்கிறார். நானும் விடும்படி சொல்வதில்லை. பிழையைக் கண்டுபிடித்தது அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கம் அல்லவா?